மாதேஷின் வண்டிக்கு ஒரு ஷாக்

போன மாதம் சரண்யா போன் செய்தாள். ஓசூரில் நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த ஷாக் அப்சார்பர் கம்பெனியின் சோதனைப் பிரிவை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கம்பெனி புதிதாக ஒரு செயலி கொண்டுவருகிறதாம். மெக்கானிக் தன் கைப்பேசியில் நீளத்தையும் போல்ட் அளவையும் தட்டினால் போதும், எந்தெந்த மாடல் ஷாக் பொருந்தும் என்று பட்டியல் வந்துவிடும். வெளியிடுவதற்கு முன்னால் பழைய ஆட்களிடமும் கருத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள்.

எழுத உட்கார்ந்தேன், ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அந்தச் செயலி செய்யப்போகிற வேலையை நான் ஒருநாள் போனில் செய்திருக்கிறேன். நீளம் கேட்டேன், போல்ட் கேட்டேன், பொருந்தும் என்றேன். அதை நம்பி மாட்டிய வண்டியிலிருந்து ஒரு மனிதர் விழுந்தார்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பாகலூரில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கும் கடை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் விலை சொல்லத் தெரியாதவர் அங்கே கடை வைக்க முடியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் எனக்கும் மூன்றும் வந்துவிட்டன. டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ஆயில் சீல் எண்ணினேன். மூன்றாவது வருடம் சோதனை மேடைக்கு அனுப்பினார்கள். ஷாக்கின் இரண்டு முனைகளையும் கவ்விப் பிடித்து இழுத்து அமுக்கும் இயந்திரம் அது. ஒவ்வொரு ஷாக்குக்கும் முட்டை வடிவத்தில் ஒரு கோடு வரையும். முட்டை கோணலாக இருந்தால் உள்ளே கோளாறு. ஓய்வு பெறும்வரை அந்த முட்டைகளைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

பிரிவின் தலைவர் சங்கரலிங்கம் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மாறவில்லை. அவரிடம் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரே கேள்விதான் வரும்: "எவ்வளவு?" ஆயில் கசிகிறது சார் என்றால், எவ்வளவு? ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாக இருக்கிறது சார் என்றால், எவ்வளவு? எண் இல்லாமல் அவர் மேசைக்கு முன்னால் நிற்க முடியாது. ஒருமுறை காய்ச்சல் சார், லீவு வேண்டும் என்று கேட்டேன். "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, கேட்டது உறைத்ததும் அவரே வெட்கப்பட்டுச் சிரித்து லீவு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அளக்க வேண்டியது எதுவாக இருந்தாலும் கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதில் முழங்காலை ஊன்றித் தானே ஒருமுறை அளந்துவிடுவார். எங்களை நம்பாததால் இல்லை, அளக்காமல் அவரால் இருக்க முடியாது.

மூன்று மொழி தெரியும் என்பதால் வெளி மெக்கானிக்குகள் கூப்பிடும் போனை என் மேசையில் வைத்தார்கள். ஆனேக்கலிலிருந்து, குப்பத்திலிருந்து, தேன்கனிக்கோட்டையிலிருந்து கூப்பிடுவார்கள். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் உணவு இடைவேளைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு மெக்கானிக் கூப்பிட்டார். கண்ணுக்குக் கண், அதாவது ஷாக்கின் இரண்டு முனைத் துளைகளுக்கு நடுவே, நீளம் முந்நூற்று இருபது மில்லி, பத்து மில்லி போல்ட், உங்கள் இந்த மாடல் ஷாக் பொருந்துமா என்று ஒரு பைக்கின் பின்பக்க ஷாக்கைச் சொல்லிக் கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். இரண்டு அளவும் சரியாக இருந்தன. பொருந்தும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து வாயிற்காவலர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாசலில் சின்ன யானை என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய நாலு சக்கர பைக், ஏ.டி.வி. என்பார்களே, அது. முன்சீட்டிலிருந்து ஒருவர் ஊன்றுகோலுடன் இறங்கினார். இடது கால் முழங்காலுக்கு மேலிருந்தே இல்லை. வலது தோளில் கட்டு. பேர் மாதேஷ், அஞ்செட்டிக்கு மேலே ஒரு கிராமம் என்றார். கூட வந்தவர் அவர் மனைவி ரத்னம்மா. தமிழ் புரியும், பேச்சு கன்னடத்தில்தான்.

மாதேஷ் பர்கூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தவர். கிரானைட் துண்டு சரிந்து கால் போனது. ஊரில் ராகிக் காடும் மூன்று மாடும் இருந்தன. பால் ஊற்றும் இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் கல் பாதை. ஒரு ரிசார்ட்டை மூடியபோது இந்த வண்டியைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறார். கியர் கிடையாது. கட்டை விரலால் அமுக்கினால் ஓடும், கையாலேயே பிரேக். ஒற்றைக் காலோடு ஓட்ட அவருக்குக் கிடைத்த ஒரே வண்டி அதுதான். வெளிநாட்டு வண்டி. பின் ஷாக் ஆயில் விட்டதும் அதே ஷாக் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு மெக்கானிக் விசாரித்து வேறு மாடல் ஷாக்கை வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறார். பத்தாவது நாள் ஏற்றத்தில் ஒரு கல்லின்மேல் பின்சக்கரம் ஏறியபோது வண்டி அவரை உதறிவிட்டது. தோள் எலும்பு முறிந்தது.

"இது உங்க கம்பெனி சரக்குதானுங்களா, டூப்ளிகேட்டுங்களா? அது மட்டும் பாத்துச் சொன்னாப் போதும்ங்க மேடம்" என்றார் மாதேஷ்.

குனிந்து பார்த்தேன். எங்கள் முத்திரை. மாடல் எண்ணைப் படித்ததும் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. முந்நூற்று இருபது, பத்து மில்லி போல்ட். வண்டியை இறக்கி வைக்கச் சொல்லி ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அன்று மதியமே ஷாக்கைக் கழற்றிச் சோதனை மேடையில் மாட்டினேன். முட்டை அவ்வளவு அழகாக வந்தது. சீல், ஆயில், ஸ்பிரிங் எதிலும் ஒரு குறையும் இல்லை. "பொருள் எங்களுடையது, குறைபாடு இல்லை" என்று ஒரு வரி எழுதினால் கோப்பை மூடிவிடலாம். அவர் கேட்டதும் அவ்வளவுதான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வரியை எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சங்கரலிங்கம் சாரிடம் தாளை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஷாக் நல்லாருக்கு, சரி. அப்ப ஆளு எதுக்கு விழுந்தாரு?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. போன் வந்ததையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எந்த வண்டிக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கல சார். அவரும் சொல்லல."

"எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"ஒரு நிமிஷம்கூட இருக்காது சார்."

அதையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, வண்டி எது என்று கேட்காமல் பதில் சொன்னது நம் பிரிவின் தவறு, அறிக்கையின் முதல் வரி அதுதான் என்றார். என் பேரைப் போட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிரிவு என்று போட்டால் போதும் என்றவர், நான் கதவருகே போனதும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஆனா அவருகிட்ட ஒருநாள் சொல்லிருங்க. கம்பெனி சொல்லாது. அது உங்க பாடு."

சட்டப் பிரிவிலிருந்து இதற்குள் ஒரு கடிதம் தயாராகிவிட்டது. எங்கள் பொருளை அனுமதியில்லாத வண்டியில் மாட்டியதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று. கடிதம் சரிதான், போகட்டும் என்றார் சார். "அது கம்பெனி பேசுதது. நாம வண்டியப் பாப்போம்." காயத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும் ஆய்வு என்று ஒரு கோப்புத் திறந்து, பத்து நாள் அந்த வண்டியை எங்களிடம் வைத்துக்கொள்ள ஒப்புதல் வாங்கினார்.

முதல் நாள் வேலை முழுவதும் அளப்பதுதான். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு. தரையில் இறக்கி வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு. ஓட்டுபவர் உட்கார்ந்தபின் ஓர் அளவு. இதற்காக மாதேஷை வரச் சொல்லியிருந்தோம். கை கொடுக்கப் போனவர்களைத் தடுத்துவிட்டு, தோள் கட்டோடு, இடது கையை மட்டும் ஊன்றி அவரே ஏறி உட்கார்ந்தார். எடை ஐம்பத்திரண்டு கிலோ. அந்த வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழுமாக நூற்றைம்பது மில்லி ஆட வேண்டும். ஆள் உட்கார்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். சார் கைக்குட்டையை விரித்து, முழங்காலை ஊன்றி, ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"ஒன்பது" என்றார்.

ஒன்பது மில்லி. ஷாக் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். ஓர் இரும்புத் தடியை மாட்டியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

காரணம் இதுதான். திறந்திருக்கும் கதவைக் கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தடுக்கலாம். கீலுக்குப் பக்கத்தில் தடுக்க முழுக் கையும் வேண்டும். நாங்கள் அந்த ஷாக்கைச் செய்த பைக்கில் அது கீலுக்கு, அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை வண்டியோடு சேரும் இடத்துக்கு, பக்கத்தில் இருக்கிறது, அதனால் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்திருந்தோம். அதுவும் இரண்டு ஆள் ஏறுகிற வண்டிக்கு. மாதேஷின் வண்டியில் ஷாக் மாட்டும் இடம் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளியிருந்தது. அதே ஸ்பிரிங் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமாகிவிட்டது. உட்கார்ந்திருப்பவரோ ஐம்பத்திரண்டு கிலோ. கல்லில் ஏறிய சக்கரத்தின் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளவில்லை, வண்டி மொத்தமும் தூக்கி எறியப்பட்டது. நீளமும் போல்ட்டும் இதில் எதையும் சொல்லாது.

சிறிய மாடல் ஒன்றின் மெல்லிய ஸ்பிரிங்கை அதே ஷாக்கில் ஏற்றினோம். இப்போது அமுங்கியது, ஆனால் திரும்பி எழும்ப நேரம் எடுத்தது. உள்ளே ஆயில் வழியைக் கட்டுப்படுத்தும் தகடுகள் கடினமான ஸ்பிரிங்குக்காக அடுக்கியவை. அடுத்தடுத்துக் கல் வந்தால் ஷாக் எழுவதற்குள் அடுத்த அடி விழும், பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும். பிரித்துத் தகடுகளை மாற்றினேன். மறுபடி மாட்டி, மறுபடி பிரித்தேன். மூன்றாவது அடுக்கில் மேடையின் எண்கள் நாங்கள் கணக்கிட்டபடி வந்தன.

ஓட்டிப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலையின் பின்னால் மண் தரையில் கற்களைப் பாதி புதைத்துப் பாதை போட்டோம். அஞ்செட்டிப் பாதையில் கல் எவ்வளவு உயரம் என்று சார் கேட்டபோது மாதேஷ் உள்ளங்கையைத் தரைக்கு மேல் நிறுத்திக் காட்டியிருந்தார். சார் அந்த இடைவெளியையும் அளந்து வைத்திருந்தார். எங்கள் சோதனை ஓட்டுநர் அந்தோணி. இருபது வருடம் வண்டி ஓட்டியே காலம் கழித்தவர். இருபது சுற்று சுற்றிவிட்டு வந்து நன்றாக இருக்கிறது என்றார். வண்டியில் பொருத்தியிருந்த கருவியின் கோடுகளும் அதையே சொன்னன. சார் கோப்பை மூடக் கை வைத்தார்.

மாதேஷும் ரத்னம்மாவும் அன்று ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதேஷின் பார்வை அந்தோணியின் கால்களிலேயே இருந்ததை நான் கவனித்தேன். இன்னொரு சுற்றுப் போகச் சொல்லி நானும் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் அந்தோணி இருக்கையிலிருந்து அரை அங்குலம் எழுந்து, முழங்காலை மடக்கி, மறுபடி உட்கார்ந்தார். அவருக்கே தெரியாமல் செய்கிறார். வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். நாங்கள் இத்தனை நாளாக ஒரு ஷாக்கைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அந்தோணியிடம் மூன்று ஷாக் இருந்தது.

"அண்ணா, இடது காலத் தூக்கி மடிச்சு வெச்சுக்கிட்டு, வலது காலை ஊனி எந்திரிக்காம ஒரு சுத்து போறீங்களா? மெதுவாப் போனாப் போதும்" என்றேன்.

போனார். மூன்றாவது கல்லில் அவர் உடம்பு இடது பக்கம் சரிந்து ஒரு கை பிடியை விட்டது. நல்லவேளை வேகம் இல்லை. நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"இது வேற வண்டி சார்" என்றார்.

மூடப்போன கோப்பு திறந்தபடியே கிடந்தது. அப்போதுதான் ரத்னம்மா முதல்முறையாக எங்களிடம் பேசினார், என்னைப் பார்த்துக் கன்னடத்தில். வீட்டில் பலகையில் உட்காரும்போது அவருக்கு இடது பக்கம் மடித்த சாக்கு வைப்பதாகவும், இல்லையென்றால் அந்தப் பக்கமே சரிந்துகொண்டிருப்பார் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எவ்வளவு தடிமன் என்று சார் கேட்டார். ரத்னம்மா மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு வேலை சரியான வழியில் போனது. ஒரு தராசில் வலது சக்கரத்தையும் இன்னொன்றில் இடது சக்கரத்தையும் ஏற்றி, மாதேஷை உட்கார வைத்து எடை பார்த்தோம். பாரம் ஒரு பக்கமாகத்தான் விழுந்தது. சீட் தைக்கும் கடையில் மூன்று விரல் தடிமனில் சரிவான மெத்தையும், தொடையை அணைக்கிற மாதிரி ஒரு பட்டையும் தைத்து வாங்கினோம். கால் செய்யும் வேலையையும் ஷாக்கே செய்ய வேண்டும் என்று இன்னும் மெல்லிய ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தோம். ஷாக் முழுவதும் அமுங்கும்போது இடித்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே நீளமான ரப்பர் தாங்கி வைத்தோம். அந்தோணி காலை மடக்கிக்கொண்டே முப்பது சுற்றுப் போனார். முப்பதிலும் கை பிடியை விடவில்லை.

ஷாக் தயாராகிவிட்டது, வெளியே கொடுக்கத்தான் அனுமதி இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். சார் தொழிற்சாலைத் தலைவரின் அறைக்கு வெளியே இரண்டு மதியம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மதியம், ஒரு நபருக்கு, ஒரு வண்டிக்கு, ஒரே ஒரு ஷாக், பின்விளைவு எதுவானாலும் பொறுப்பு பிரிவுத் தலைவருடையது என்று எழுதிய தாளோடு வந்தார். கீழே அவர் கையெழுத்து இருந்தது. அந்த வருடம் அதற்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள். எல்லா அளவுகளையும் இணைத்துப் பதில் அனுப்பினார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பின்னால் ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார்.

வண்டியைக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து, ஷாக் எப்படி இருக்கிறது என்று அளந்து வரச் சொல்லி சார் என்னை அஞ்செட்டிக்கு அனுப்பினார். கிளம்பும்போது, "சொல்ல வேண்டியதையும் சொல்லிட்டு வாங்க" என்றார். வண்டி ஒப்படைத்த நாளில் சொல்லியிருக்கலாம். ரத்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் வாய் வரவில்லை.

அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாதேஷே வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். தோள் கட்டு இல்லை. தெரிந்தவர் ஒருவரின் மொபெட்டில் என்னை ஏற்றிவிட்டு முன்னால் போனார். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். அவர் விழுந்த ஏற்றம் வந்தது. கற்கள் அவர் காட்டிய உயரம்தான். பின்சக்கரம் ஏறி இறங்கியது, அவர் முதுகு ஆடவில்லை.

வீட்டு வாசலில் ரத்னம்மா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு டேப்பை எடுத்தேன், பிறகு மடியில் வைத்தேன். இதற்குமேல் தள்ள முடியாது என்று தோன்றியது. அந்த மெக்கானிக் போன் செய்தபோது பொருந்தும் என்று சொன்னது நான்தான், எந்த வண்டி என்றுகூடக் கேட்கவில்லை என்று சொன்னேன். தமிழில் தொடங்கி, பாதியில் ரத்னம்மாவைப் பார்த்துக் கன்னடத்துக்கு மாறிவிட்டேன்.

மாதேஷ் வண்டிப் பிடியைத் தடவினார்.

"தெரியுமுங்க மேடம். கம்பெனில ஒரு மேடம் சொன்னாங்கன்னு மெக்கானிக் அன்னிக்கே சொன்னாரு. வாசல்ல ஷாக்கப் பாத்ததும் உங்க மூஞ்சி மாறுச்சுங்களே, அப்பவே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு."

இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"குவாரியில கால் போனப்ப, தப்பு யாருதுன்னு பேச ஆரம்பிச்சாங்க. கிரேன்காரன்னு ஒருத்தரு, மேஸ்திரின்னு ஒருத்தரு, நாந்தான்னு ஒருத்தரு. எல்லாரும் பேசினாங்க. சாயந்தரம் வரைக்கும் காலை யாரும் பாக்கல. அதனாலதானுங்க. நீங்க மொதல்ல வண்டியப் பாக்கட்டும்னு இருந்துட்டேன்."

ரத்னம்மா தலை குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பைத் தேடினேன், அது என் மடியிலேயே இருந்தது.

"இன்னும் அளக்கணுங்களா?" என்று கேட்டார் மாதேஷ்.

அளக்கணும் என்றேன். இடது கையை ஊன்றி அவரே ஏறி உட்கார்ந்தார். நான் தரையில் முழங்காலை ஊன்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்தேன். அசைந்தால் எண் மாறிவிடும் என்று, நான் படித்துச் சொல்லும்வரை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.